எண்ணும் காது: இரவில் வலசை போகும் பறவைகளின் குரலை அடையாளப்படுத்துவது குறித்து

'குரலற்றவர்களின் குரல்' என்கிற சொற்றொடரை நம் சூழலில் தாராளமாகப் புழங்கியவர்களில் நானும் ஒருவன். துண்டறிக்கைகளில் எழுதியிருக்கிறேன், மேடைகளில் சொல்லியிருக்கிறேன், ஒரு சிறு பிரசுரத்துக்குத் தலைப்பாகவே வைத்திருக்கிறேன். அந்தச் சொற்றொடருக்குள் பதுங்கியிருக்கும் அதிகாரத்தைப் பற்றி ஸ்பிவக் 1988லேயே கேட்டுவிட்டார். நாமும் அதைத் தமிழில் போதுமான அளவு மேற்கோள் காட்டித் தீர்த்துவிட்டோம். ஆனால் மேற்கோள் காட்டுவது வேறு, உறைப்பது வேறு. எனக்கு அது உறைத்தது ஒரு பறவை விவகாரத்தில். சிரிக்க வேண்டாம். படித்துவிட்டுத் திட்டலாம்.

2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் அர்பானா என்கிற ஊரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழ்த் தகப்பன்மார்களுக்கு விதிக்கப்பட்ட ஆறு மாதக் காவல் அது. பேத்தியைப் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிடுவது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டு அடுக்குவது, மற்ற நேரம் ஜன்னல். செப்டம்பர் நடுவில் ஒரு ராத்திரி தூக்கம் வராமல் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேலே ஏதோ ஒன்று சின்னத் தவளை மாதிரி ஒரு தடவை கத்திவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, சற்றுத் தெற்கே. வானத்தில் ஏது தவளை? காலையில் மகளிடம் சொன்னேன். "அது பறவைப்பா. ராத்திரிலதான் போகும். இதை ரெக்கார்ட் பண்றதுக்குன்னே இங்க ஆளுங்க இருக்காங்க" என்றாள்.

அது ஸ்வெய்ன்சன் பூங்குருவி என்று பிறகு தெரிந்தது. கனடாவின் ஊசியிலைக் காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னமெரிக்காவுக்குப் போகிற வழியில் என் மகள் வீட்டுக் கூரையைக் கடந்திருக்கிறது. வட அமெரிக்காவில் வலசை போகிற சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கின்றன. இரவில் காற்று அடங்கிக் குளிர்ந்திருக்கும், வல்லூறுகளின் தொல்லை குறைவு, பகலை இரை தேட வைத்துக்கொள்ளலாம். பறந்துகொண்டே இடையிடையே ஒற்றைக் குரல் கொடுக்கின்றன. இது பாட்டு அல்ல. வார்ப்ளர், சிட்டு வகைகளில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட நீடிக்காத ஒரு கீற்று. எதற்காகக் கொடுக்கின்றன என்பதில் ஒருமித்த பதில் இல்லை. இருட்டில் ஒன்றையொன்று தவறவிடாமல் இருப்பதற்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். எதற்காக இருந்தாலும், அது நமக்காக இல்லை. இதை முதலில் ஒத்துக்கொண்டாக வேண்டும். ராத்திரியில் கூரை மேல் ஏதாவது கத்தினால் 'சாக்குருவி' என்று சொல்லி யார் வீட்டில் இழவு என்று கணக்குப் போடுகிற ஊரில் பிறந்தவன் நான். பறவை நம்மைப் பற்றித்தான் பேசுகிறது என்கிற அந்த நினைப்பு நிமித்தம் பார்ப்பவனோடு முடிந்துவிடவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் சங்கடம்.

இந்தக் குரல்களை உட்கார்ந்து எண்ணிய முன்னோடிகளில் ஒருவர் ஆரின் லிபி. அவர் தொழிலால் பறவையியலாளர் அல்ல, வரலாற்றாளர். அமெரிக்க அரசியல் சாசனத்தை ஏற்பதா வேண்டாமா என்று 1787-88இல் 13 மாநிலங்களில் விழுந்த ஓட்டுகளை நிலப்பரப்பு வாரியாகப் பிரித்துக் காட்டிய ஆய்வை 1894இல் வெளியிட்டவர். 1896 செப்டம்பரில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் நகருக்கு மேற்கே ஒரு மேட்டில் உட்கார்ந்து ஒரே இரவில் 3800 குரல்களை எண்ணினார். 1899இல் 'தி ஆக்' இதழில் அது கட்டுரையாக வந்தது. ஓட்டை எண்ணியவர் குரலை எண்ண வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் தமிழில் யோசிக்கிறவனுக்கு இது தற்செயலாகப் படாது. நமக்கு 'வாக்கு' என்றால் பேச்சும்தான், ஓட்டும்தான். கணக்கில் வர வேண்டுமானால் வாயைத் திறந்தாக வேண்டும்.

3800 குரல் என்றால் 3800 பறவை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பறவை பத்துத் தடவை குரல் கொடுத்துக்கொண்டு போகலாம், பத்துப் பறவைகள் ஒரு சத்தமும் இல்லாமல் போகலாம். மேகம் தாழ்ந்த இரவில் குரல்கள் கூடிவிடும். பறவைகள் கூடிவிட்டன என்று அதற்கு அர்த்தமில்லை.

லிபிக்குப் பிறகு கருவிகள் வந்தன. இதில் எனக்கு ஒரு சின்ன உள்ளூர்ப் பெருமை உண்டு. நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த அதே அர்பானா வட்டாரத்தில்தான் இல்லினாய் இயற்கை வரலாற்று ஆய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிரேபரும் வில்லியம் காக்ரனும் 1950களின் கடைசியில் குழிதட்டு ஒன்றில் ஒலிவாங்கியைப் பொருத்தி, வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்து, இரவுக் குரல்களை டேப்பில் பிடித்தார்கள். 1959இல் அந்த முறையை வெளியிட்டார்கள். அடுத்து பில் எவன்ஸ். 1985இல் மினசோட்டா எல்லையில் செயின்ட் க்ராய் ஆற்றை ஒட்டிய மேட்டில் இரவு தங்கியிருந்தபோது தலைக்கு மேல் கருப்பலகுக் குயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவிக்கொண்டு போவதைக் கேட்டவர், அதற்கப்புறம் வாழ்க்கையையே இதற்குக் கொடுத்துவிட்டார். அவர் பரப்பிய கருவி என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி, அதன் வாயில் இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் தாள், உள்ளே காதுக் கருவிகளில் போடுகிற மாதிரிச் சின்ன ஒலிவாங்கி. கூரையில் வைத்து வயரை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டால் முடிந்தது. நிறுவனமோ பட்டமோ தேவைப்படாத அறிவுற்பத்தி இது. நமது சிறுபத்திரிகைகளை ஸ்டென்சில் வெட்டி உருட்டிய காலம் ஞாபகம் வந்தது.

2002இல் எவன்ஸும் மைக்கேல் ஓ'ப்ரையனும் சேர்ந்து ஒரு குறுந்தகட்டை வெளியிட்டார்கள். கிழக்கு வட அமெரிக்காவில் வலசை போகும் 211 நிலப்பறவை இனங்களின் பறத்தல் குரல்கள். இந்தத் துறையில் பிறகு வந்தவர்கள் அனைவரும் ஏதோ ஒரு வகையில் இந்தப் பிரதியின் வாசகர்கள். இதை ஒரு பிரதியாகவே வாசித்துப் பார்க்கிறேன்.

முதலில், இதில் கேட்பதைவிடப் பார்ப்பதுதான் அதிகம். ஒவ்வொரு குரலுக்கும் ஒரு ஸ்பெக்ட்ரோகிராம் உண்டு. இடமிருந்து வலமாகக் காலம், கீழிருந்து மேலாகச் சுருதி, எவ்வளவு அழுத்தமான சத்தமோ அவ்வளவு கருப்பு. ஒன்று வளைந்த மீசை மாதிரி, இன்னொன்று ரம்பப் பல் மாதிரி, வேறொன்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடு. எழுத்துக்கு முன்னாலேயே குரல் 'நேரடியாக' இருக்கிறது என்கிற நம்பிக்கையை தெரிதா 1967இல் போட்டு உடைத்ததை நாம் அறிவோம். (பறவைக்கும் தெரிதாவா என்று நண்பர்கள் நக்கலடிப்பார்கள். அடிக்கட்டும்.) இங்கே நடப்பது தத்துவச் சிக்கல்கூட இல்லை, அன்றாட நடைமுறை. குரல் முதலில் எழுத்தாகிறது. அப்புறம்தான் அது யாருடையது என்ற கேள்வியே எழ முடிகிறது.

என் விஷயத்தில் இது இன்னும் பச்சையானது. பூங்குருவிகளின் குரல் சுமார் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை. அது எனக்குக் கேட்கிறது. வார்ப்ளர்களும் சிட்டுகளும் 6 முதல் 9 வரை. வயதானால் முதலில் செத்துப்போவது காதின் அந்த மேல்பகுதிதான். மகளின் கணினியில் ஒவ்வொரு கோப்பாகப் போட்டுப் பார்த்தேன். திரையில் கருப்புக் கோடு தெளிவாக ஓடுகிறது, காதில் ஒன்றும் விழவில்லை. சத்தத்தைக் கூட்டினேன். பக்கத்து அறையிலிருந்து பேத்தி கத்தினாள்: "தாத்தா, ப்ளீஸ், காது வலிக்குது!"

இரண்டாவது, பெயர் எங்கிருந்து வருகிறது? இருட்டில் போகிற ஒன்றின் குரலுக்கு இது இன்னாருடையது என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு வழி, விடியற்காலையிலும் பகலிலும் கண்ணுக்குத் தெரிகிற பறவை அதே குரலைக் கொடுக்கும்போது பதிவு செய்து ஒப்பிடுவது. மற்றொரு வழி கூண்டு. பென்சில்வேனியாவின் பவுடர்மில் ஆய்வு மையத்தில், காலில் வளையம் போடுவதற்காக வலையில் பிடித்த பறவையைக் கூம்பு மாதிரியான ஒரு சின்னக் கூட்டுக்குள் வைத்து, மற்றப் பறவைகளின் குரலை ஒலிக்கவிட்டு, இது பதில் கொடுக்கும்போது பதிந்துகொண்டார்கள். 2009இல் வெளியான முறை. பறவைக்குப் பெரிய துன்பமில்லை, சீக்கிரம் விட்டுவிடுகிறார்கள். இருந்தாலும், சுதந்திரமாகப் போகிறதன் பெயரைத் தெரிந்துகொள்ள ஒன்றையாவது பிடித்து உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கு உறுத்தியது.

உறுத்தியதற்குக் காரணம் பறவை அல்ல. 'அடையாளம் காணுதல்' என்கிற சொல்லைத் தமிழில் அதிகம் உபயோகிப்பது போலீஸ்தான். கைரேகையை வைத்து ஆளை அடையாளப்படுத்தும் அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு நீண்டபோது நம் சனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். அந்தச் சட்டத்தின் கண் விழுந்ததும் இரவின் மீதுதான். ராத்திரியில் யார் எங்கே நடமாடுகிறார்கள் என்பது தெரிய வேண்டும், ஆண்கள் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வேண்டும். பறவை ஆய்வாளர்களை ரேகை எடுத்த போலீசோடு நான் ஒப்பிடவில்லை. அப்படி ஒப்பிடுவது அபத்தம், செத்தவர்களுக்கு அவமரியாதையும்கூட. ராத்திரியில் போகிற எதற்கும் ஒரு பெயர் ஒட்டியாக வேண்டும் என்கிற நமைச்சல் எனக்குள்ளும் இருந்தது, அந்த நமைச்சலுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. இதற்கு மேல் இந்த ஒப்புமையை இழுக்க மாட்டேன்.

இந்தத் துறையினரிடம் எனக்கு மரியாதை வந்த இடம் வேறு. அவர்களுடைய வகைப்பாட்டில் 'ஸீப்' என்று ஒரு தொகுதி இருக்கிறது. பிளாக்பர்னியன், பிளாக்போல், பே-பிரெஸ்டட், மஞ்சள் வார்ப்ளர் முதலிய பல இனங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ரம்பப் பல் குரல் கொடுக்கின்றன. இருட்டில் ஒன்று 'ஸீப்' என்றால் அது இவற்றில் எது என்று உறுதியாகச் சொல்லத் தயங்குகிறார்கள். அந்தக் கட்டத்தில் 'ஸீப்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இதே மாதிரி வேறு தொகுதிகளும் உண்டு. 'இது இந்தக் கும்பலில் ஒன்று, அதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்யதை இல்லை' என்று கணக்கிலேயே ஒரு வரி ஒதுக்குகிற நேர்மையை நமது கள ஆய்வுகளில் நான் அதிகம் பார்த்ததில்லை. நாமெல்லாம் கிராமத்துக்குள் நுழைந்த அரை மணி நேரத்தில் சாதி, வர்க்கம், கட்சி என்று மூன்று கட்டத்தையும் நிரப்பிவிடுகிறவர்கள்.

இப்போது இந்த வேலையை இயந்திரங்கள் செய்கின்றன. பேர்ட்நெட், நைட்ஹாக் போன்ற மென்பொருட்கள் ஒரு இரவு முழுதுமான பதிவைச் சில நிமிடங்களில் மேய்ந்து, ஒவ்வொரு குரலுக்கும் எதிரே ஒரு பெயரும் எவ்வளவு நம்பலாம் என்று ஒரு எண்ணும் போட்டுக் கொடுக்கின்றன. எந்த எண்ணுக்குக் கீழே உள்ளதைத் தள்ளிவிடுவது என்பதை உட்கார்ந்திருக்கிற ஆள் தீர்மானிக்கிறார். நைட்ஹாக்கைச் செய்தவர்கள் இனம், குடும்பம், வரிசை என்று பல படிகளில் பதில் சொல்லும்படி அதைப் பழக்கியிருப்பது நல்ல விஷயம். ஆனாலும் அவசரக்காரன் கையில் அது பெயர் தயாரிக்கும் மிஷின்தான்.

இனிமேல்தான் எனக்கு உறைத்த இடம் வருகிறது. வீரியோக்களும் ஈப்பிடிப்பான்களும் இரவில்தான் வலசை போகின்றன. ஏராளமாகப் போகின்றன. ஆனால் அவை பறக்கும்போது குரல் கொடுப்பதில்லை. அர்பானாவின் கூரையில் எத்தனை பூந்தொட்டி வைத்தாலும் அவற்றின் சுவடு விழாது. செப்டம்பர் இரவில் கண் முன்னால் ஆயிரம் கோப்புகளை வைத்துக்கொண்டிருக்கிறவருக்கு, அந்த இரவில் வீரியோவே போகவில்லை என்று தோன்றும். இது தெரிந்தவர்கள் ரேடாரையும் வலையையும் பகல்நேரக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். ஒலிப்பதிவை மட்டும் வைத்து எவ்வளவு பறவை என்று சொல்ல மாட்டார்கள்.

நான் சொன்னேன். தொண்ணூறுகளின் நடுவில் தென்மாவட்டக் கிராமம் ஒன்றில் சாதிக் கலவரத்துக்குப் பிறகு சென்ற உண்மையறியும் குழுவில் டேப்ரெக்கார்டரைத் தூக்கியவன் நான். இரண்டு நாள், ஏழு கேசட். ஒவ்வொரு எரிந்த வீட்டின் முன்னாலும் நின்று மைக்கை நீட்டினேன். கடைசி வரிசையில் ஒரு அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தார். மைக்கைக் கண்டதும் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். கூட வந்தவர், "அவ பேச மாட்டா சார், இவங்களக் கேளுங்க" என்று அடுத்த வீட்டுக்கு இழுத்துப்போனார். திரும்பி வந்து நான்தான் கேசட்டுகளைக் கேட்டு எழுத்தில் இறக்கினேன். அறிக்கையில் எரிக்கப்பட்ட வீடுகள் 11 என்று போட்டோம். எரிந்தவை 12. அந்த அறிக்கையின் தலைப்பில் 'குரலற்றவர்கள்' என்கிற சொல் இருந்தது.

நான்கு மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது விஷயம் தெரிந்து அவரிடம் போய் நின்றேன். "நீங்க அன்னிக்கு எதுவும் சொல்லலியேம்மா" என்று நானும் வெட்கமில்லாமல் சொன்னேன். "நீ எங்க கேட்ட? அந்த மைக்கத்தான நீட்டுன" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டார்.

முப்பது வருஷமாக இதை 'மௌனமும் ஒரு எதிர்ப்பு' என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த விளக்கம் சௌகரியமானது. பேசாதவரையும் ஒரு பேச்சாளராக்கி நம் சொல்லாடலுக்குள் இழுத்துப்போட்டுவிடுகிறது. வீரியோ எதையும் எதிர்க்கவில்லை. அது அப்படித்தான் போகும். குறை நான் நீட்டிய கருவியில்.

குரல் கொடுப்பதன் விலை என்ன என்பதற்கும் அந்த வருஷமே ஒரு பதில் கிடைத்தது. அக்டோபர் 4 இரவிலிருந்து 5ஆம் தேதி காலைக்குள், அர்பானாவிலிருந்து சுமார் 220 கிலோமீட்டர் வடக்கே, சிகாகோவில் ஏரிக்கரையில் இருக்கும் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தின் ஒரே கட்டடத்தில் ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் கண்ணாடியில் மோதிச் செத்தன. பெரும்பாலும் பாம் வார்ப்ளர், மஞ்சள்பிட்ட வார்ப்ளர். ஃபீல்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேவிட் வில்லார்ட் 1978லிருந்து அதே கட்டடத்தின் அடியில் செத்த பறவைகளைப் பொறுக்கி எடுத்துப் பதிந்துவந்தவர். அவருக்கே இது புதிது. வில்லார்டின் அந்த நாற்பதாண்டுச் சேகரிப்பையும் கிளீவ்லேண்டில் பொறுக்கியதையும் சேர்த்து, சுமார் 70,000 பறவைச் சாவுகளை வைத்து பெஞ்சமின் விங்கரும் உடன் பணியாற்றியோரும் 2019இல் ஒரு ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். இரவில் பறக்கும்போது குரல் கொடுக்கும் இனங்கள்தான் கட்டடங்களில் அதிகம் மோதிச் சாகின்றன. வீரியோ, ஈப்பிடிப்பான் போன்ற மௌனிகள் அவ்வளவு சாவதில்லை. வெளிச்சத்தில் திசை கலங்கிய பறவை குரல் கொடுக்க, அந்தக் குரல் மற்றவற்றையும் அதே வெளிச்சத்துக்கு இழுத்துவருகிறது என்பது அவர்கள் முன்வைக்கும் விளக்கம். கூட்டத்தைச் சேர்த்து வைக்கிற குரலே கூட்டத்தைக் கண்ணாடியில் கொண்டுபோய் அறைகிறது.

இதைப் படித்துவிட்டு 'வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைக்கலாம்' என்று நீதி சொல்லக் கிளம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. ஊர்ப் பெரியவர்கள் சேரியில் அதைத்தான் காலங்காலமாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஏற்றும் ஒளித்தூண்களைப் பற்றி 2017இல் வந்த ஆய்வைப் பார்க்க வேண்டும். ஏழு வருஷத்தின் ஏழு இரவுகளில் சுமார் 11 லட்சம் பறவைகள் அந்த ஒளியால் பாதிக்கப்பட்டிருக்கின்றன. விளக்கு எரியும்போது பறவைகள் சுற்றிச் சுற்றி வந்து குரல் மேல் குரல் கொடுக்கின்றன. விளக்கை அணைத்தால் சில நிமிடங்களில் கலைந்து தங்கள் வழியில் போய்விடுகின்றன. 2024இல் மெக்கார்மிக் பிளேஸ் கண்ணாடிகளில் புள்ளி வைத்த படலம் ஒட்டினார்கள், அந்த இலையுதிர் காலத்திலேயே சாவு பெருமளவு குறைந்தது. பறவையைத் திருத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கண்ணாடியின் சொந்தக்காரனைக் கேட்டார்கள். அதைக் கேட்க வைப்பதற்கு வில்லார்ட் நாற்பது வருஷம் குனிந்து பொறுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

ஆக, பதிவு செய்யாதே, பெயர் வைக்காதே என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 ஏப்ரலில் ஊரடங்கில் வீட்டில் அடைந்து கிடந்த இங்கிலாந்துப் பறவை ஆர்வலர்கள் ஆளுக்கொரு கொல்லையில் நின்று, கடல் வாத்தான காமன் ஸ்கோட்டர் நாட்டின் குறுக்கே நகரங்களுக்கு மேலாக இரவில் பறந்துபோவதைக் காதால் பின்தொடர்ந்தார்கள். ஒருவர் கேட்டதை அடுத்த ஊர்க்காரருக்குச் சொன்னார், அவர் தயாராக வாசலில் நின்றார். இப்படிப்பட்ட கூட்டுக் கேட்டல் நம் இயக்கங்களில் இருந்திருந்தால் அந்தப் பன்னிரண்டாவது வீடு விட்டுப் போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். யாராவது ஒருவர் மைக் இல்லாமல் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பார்.

சிகாகோ செய்தி வந்த வாரத்தின் சனிக்கிழமை, பேத்திக்கு மறுநாள் பள்ளி இல்லை என்பதால் அவளையும் பின்வாசல் படிக்குக் கூட்டிப்போனேன். மகள் சம்மதிக்கவில்லை, குளிர் என்றாள். போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தோம். ஆளுக்கொரு நோட்டு. குரல் கேட்டால் ஒரு கோடு, பெயர் தெரிந்தால் பக்கத்தில் பெயர் என்று ஏற்பாடு. வீட்டு விளக்குகளை எல்லாம் அவளே போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"தாத்தா, இப்ப ஒண்ணு போச்சு."

"எங்கம்மா?"

"மேல. இதோ, இன்னொண்ணு. உங்களுக்குக் கேக்கலியா?"

"இல்லையேம்மா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்து ஒரு கோடு போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பதினொன்றரைக்கு அவள் தூங்கி வழிந்தபோது நோட்டுகளை வாங்கி எண்ணினேன். அவளுடையதில் 41 கோடு. என்னுடையதில் 6. பெயர் எழுதுகிற இடத்தை இரண்டு பேரும் காலியாக விட்டிருந்தோம்.